ஜப்பானிலிருந்து வந்த விறகு

சங்ககிரியில் லாரிப் பட்டறை ஓரமாக வளர்ந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், கம்பி பிரஷ் என்று சொன்னதுமே பல் கூசும். பழைய பாடிக்குப் பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் துருவைச் சுரண்டுவார்களே, அந்தச் சத்தம். காலையில் ஆரம்பித்தால் மதியச் சோற்றுக்குத்தான் நிற்கும். எங்கள் வீட்டுப் பின்சுவரும் பட்டறைச் சுவரும் ஒன்றேதான். சத்தம் நின்றுவிட்டால் அம்மா வெளியே வந்து, "இன்னைக்கு லீவாங்க?" என்று கேட்பாள்.

அந்தப் பிரஷ்ஷை வைத்து நான் செய்த ஒரு காரியத்தைத்தான் சொல்லப் போகிறேன். அப்போது எனக்குப் பத்து வயது. இப்போது உங்களைப் போலவே மூட்டு வலிக்கு மாத்திரை போடுகிறேன். உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும். யாரும் கேட்காததால் சொல்லாமலே இருந்திருப்பீர்கள்.

அப்பா லாரி டிரைவர். மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். வீட்டில் நான், அம்மா, அம்மாவின் தம்பியான என் மாமா, இவ்வளவுதான். மாமாவுக்குத் திருச்செங்கோட்டில் ஒரு ரிக் முதலாளியிடம் வேலை. ஆழ்குழாய்க் கிணறு போடும் வண்டியில் காற்றடிக்கிற கம்ப்ரசர் இருக்கும் இல்லையா, அதற்கு மெக்கானிக். கெட்டிக்காரர். ஆனால் முப்பத்துநாலு வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. காரணம் அவர் கைகள். முழங்கைக்கு மேலிருந்து மணிக்கட்டு வரை தோல் தடித்து, வெடித்து, செதில் செதிலாக இருக்கும். ஒட்டுவாரொட்டி இல்லை என்று டாக்டரே சொல்லியிருந்தார். அதை யார் கேட்டார்கள்? பெண் பார்க்கப் போன இடமெல்லாம் எப்படியோ விஷயம் தெரிந்துவிடும். சித்திரை வெயிலிலும் மாமா முழுக்கைச் சட்டைதான். மணிக்கட்டுப் பொத்தான் வரைக்கும் போட்டிருப்பார்.

சனிக்கிழமை ஆனால் அம்மா அவரைக் கொல்லைக் கல்லில் உட்காரவைத்து விடுவாள். புங்க எண்ணெய், அரப்புத் தூள், அப்புறம் காய்ந்த பீர்க்கங்காயின் நாரான பீர்க்கங்கூடு. தேய்க்கத் தேய்க்கச் செதில் உதிரும், சில இடத்தில் ரத்தம் கசியும். "இன்னங் கொஞ்சந்தேன் சாமி, பொறுத்துக்க" என்பாள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டு பட்டறைச் சுவரையே பார்ப்பார். அடுத்த சனிக்கிழமைக்குள் எல்லாம் திரும்ப வந்திருக்கும். அம்மா சளைக்கவே மாட்டாள்.

முதலாளி ஜப்பான் கம்ப்ரசர் ஒன்று வாங்கினார். அதைக் கழற்றிப் பூட்டப் பழகுவதற்கு மூன்று மாதம் மாமாவை அந்த நாட்டுக்கே அனுப்பினார். தெருவே வந்து வழியனுப்பியது. கார்த்திகையில் திரும்பி வந்தார். டேப் ரிக்கார்டர் வரும், நைலக்ஸ் சேலை வரும் என்று அம்மா அக்கம்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். மாமா மடியில் வைத்துக் கொண்டுவந்த அட்டைப்பெட்டியைத் திறந்தால், உள்ளே ஒரு தட்டையான மண் தட்டு, அதில் ஒன்றரைச் சாண் உயரத்துக்கு ஒரு மொட்டை மரம். ஒரு இலை கிடையாது. அடிமரம் என் மணிக்கட்டை விடக் கனம். அதன் பட்டை முழுக்க வெடித்து, பிளந்து, கட்டி கட்டியாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

அம்மா பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தாள். வேறொன்றும் விழவில்லை.

"ஏன் சாமி, சப்பான்ல இருந்து வெறகா கொண்டாந்திருக்கற?"

"மேப்பிள் மரம் அக்கா. குளுருக்கு எலையக் கொட்டியிருக்குது. வந்துரும்."

"வந்தாலும் இத்தனூண்டு மரத்துல எத்தனை எலை வந்தரப் போவுது?"

நான் அந்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். இவ்வளவு சின்ன மரத்துக்கு எப்படி இவ்வளவு கிழட்டு உடம்பு? எங்கள் தெரு வேப்பமரத்தை யாரோ உள்ளங்கைக்குள் அமுக்கி வைத்தது போல இருந்தது. மண்ணை மோந்து பார்த்தேன். கிளை நுனியில் எறும்புத் தலையளவு செவ்வரும்புகள். எண்ணினேன், நாற்பத்தொன்று. மறுநாள் எண்ணினால் நாற்பத்துமூன்று. எந்த இரண்டை முந்தினநாள் விட்டேன் என்று ஒரு பகல் முழுக்கத் தேடினேன்.

மார்கழியில் மாமா ரிக்கோடு கர்நாடகப் பக்கம் கேம்ப் போய்விட்டார். மரத்தைக் கொல்லை நிழலில் வைத்து, தினம் ஒரு சொம்பு தண்ணீர் விடச் சொல்லியிருந்தார். வேறொன்றும் சொல்லவில்லை.

பொங்கல் வந்தது. எங்கள் பக்கம் பொங்கல் என்றால் உங்களுக்குத் தெரியும், உயிருள்ளது, உயிரில்லாதது எல்லாவற்றுக்கும் குளியல். மாடு இருக்கிறவர்கள் மாட்டைக் குளிப்பாட்டுவார்கள். எங்கள் தெருவில் லாரிகள் குளித்தன. தென்னை மரங்களுக்குச் சுண்ணாம்பும் காவியும் பட்டை பட்டையாக அடித்தார்கள். அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கொல்லைக்கு வந்தாள். மரத்தைக் குனிந்து பார்த்தாள். முகம் மாறியது.

"சொறி புடிச்சுக் கெடக்குது பாரு. பாவம், அவனாட்டமே. அம்மிணி, பீர்க்கங்கூட்டை எடுத்து மாமனுக்குத் தேக்கற மாதிரி நல்லாத் தேச்சு உடு. நோம்பி நாளும் அதுவுமா ஏன் இப்பிடிக் கெடக்கோணும்?"

தேய்த்தேன். பொடிப்பொடியாகக் கொஞ்சம் உதிர்ந்தது, அவ்வளவுதான். எனக்குப் போதவில்லை. சுவரேறிப் பட்டறைக்குள் குதித்தேன். லீவு நாள், ஆள் இல்லை. கம்பி பிரஷ்ஷை எடுத்து வந்தேன். அந்தச் சத்தத்தை நானே உண்டாக்குவது எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா! பட்டை கட்டி கட்டியாகப் பெயர்ந்தது. உள்ளே வழவழவென்று பச்சை கலந்த சாம்பல் நிறம். புத்தம் புதிய மரம். தட்டைத் திருப்பத் தோன்றாததால், சுவர்ப் பக்கம் இருந்த முதுகுக்கு மட்டும் பிரஷ் எட்டவில்லை. உதிர்ந்த துண்டுகளை ஒரு காலி பவுடர் டப்பாவில் போட்டு வைத்தேன். அவை தண்ணீரில் மிதந்தன, நெருப்புக்குச்சியை விட லேசாக இருந்தன. அதனால்தான் வைத்துக்கொண்டேனே தவிர வேறு யோசனை ஒன்றும் இல்லை. பிரஷ்ஷைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அவள் வந்து பார்த்து, "என்ற கண்ணு!" என்று கன்னத்தைத் தடவினாள். தென்னைக்கு அடித்தது போலவே இதற்கும் சுண்ணாம்பு ஒரு பட்டை, காவி ஒரு பட்டை அடித்து, ஒரு பொட்டும் வைத்தாள்.

காணும் பொங்கல் அன்று மாமா வந்தார். பையைக்கூடக் கீழே வைக்காமல் நேராகக் கொல்லைக்குப் போனார். எட்டிப் பார்த்தேன். ஈரத்துணியால் சுண்ணாம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பளபளன்னு ஆயிருச்சு பாத்தியா? பீர்க்கங்கூட்டுலயே போயிருச்சு" என்றாள் அம்மா.

"ஆமாக்கா" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அன்று சாயங்காலம் அவராகவே என்னிடம் சொன்னார். அங்கே தங்கிய இடத்தில் பொதுக் குளியல் தொட்டி. எல்லாரும் சட்டையைக் கழற்றிவிட்டு ஒன்றாக இறங்குவார்கள். மாமா மட்டும் மூன்று வாரம் அறைக்குள் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஓட்டியிருக்கிறார். அவருக்கு வேலை பழக்கிய கிழவர் அதைக் கவனித்து, ஒருநாள் வீட்டுக்குக் கூட்டிப் போனார். மாமாவின் கையை எடுத்து இந்த மரத்தின் பட்டைமேல் வைத்தார். பிறகு சட்டைக்கையை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், தலையை ஆட்டினார்.

"இந்தப் பட்டைக்கோசரந்தேன் அவரு நாப்பது வருசமா இதை வளத்தாரு அம்மிணி. எலைக்கோசரம் இல்ல. எளமையில எல்லா மரத்தையும் மாதிரி வழவழன்னுதேன் இருக்குமாம். வயசாக வயசாகத்தேன் இப்பிடி வெடிக்குமாம்."

ஊருக்குக் கிளம்பும்போது மரத்தை மாமா மடியில் வைத்துவிட்டு, கிழவர் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். அடுத்த வருஷம் கம்ப்ரசர் சர்வீசுக்கு வருவார். எங்கள் ஊர் வெயிலில் மரம் சுகப்படவில்லை என்றால் திரும்ப எடுத்துப் போய்விடுவார்.

மாமாவுக்கு என்று அந்த வீட்டில் இருந்தது ஒரு டிரங்குப் பெட்டியும் இந்த மரமும்தான்.

அப்போதுதான் மாமா கேம்ப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். கிழவர் வரைந்து கொடுத்தது. எழுத்தே கிடையாது, எல்லாம் படம். ஒரு பக்கத்தில் சாயங்காலச் சூரியன் மேல் பெருக்கல் குறி. ஒரு பக்கத்தில் மேகத்திலிருந்து தட்டில் விழும் துளிகள். தட்டைக் குறுக்கே வெட்டிய படம், உள்ளே மண் இல்லை, சின்னச் சின்னக் கற்கள். கடைசிப் பக்கத்தில் அடிமரம், அதன்மேல் ஒரு கை, கையின் மேல் பெரிய பெருக்கல் குறி. அந்தப் பக்கத்தை நான் ரொம்ப நேரம் பார்க்கவில்லை.

சூரியன் படம் சுலபம். சாயங்கால வெயில் விழாத கிழக்குப் பக்கச் சுவரோரம் மாற்றினோம். மாசியில் நாற்பத்துமூன்று அரும்பும் விரிந்தன. குழந்தை விரல் போல ஐந்தைந்தாகச் சிவந்த இலைகள். தெருவே வந்து பார்த்தது. சித்திரையில் நுனி கருகத் தொடங்கியது. நூலை வைத்து தினமும் அளந்தேன். கருகல் ஒவ்வொரு நாளும் ஒரு பொட்டு உள்ளே வந்தது. நிழலில்தானே இருக்கிறது, தண்ணீர்தானே விடுகிறேன், பின்னே ஏன்? மேகப் படம் அப்போதுதான் புரிந்தது. எங்கள் போர்த் தண்ணீர் குடத்திலேயே வெள்ளைக் காரை கட்டும், அதில் டீ போட்டால் மேலே ஏடு மிதக்கும். அது கேட்டது மழைத் தண்ணீர். மழைக்கு எங்கே போக? சித்திரைக் கடைசியில் கோடை மழை ஒன்று இடியோடு வந்தது. அம்மா, நான், பட்டறை ஆட்கள் எல்லாருமாக லாரித் தார்ப்பாயை நாலு மூலையிலும் கட்டி, நடுவில் குழி விழவைத்து, இரண்டு டிரம் பிடித்தோம். "மனுசனுக்கே தண்ணியில்ல, வெறகுக்குத் தார்ப்பாய் கேக்குது" என்று அம்மா திட்டிக்கொண்டே டிரம்மை மூடினாள். அதில் கொசு விழாமல் காத்ததும் அவள்தான்.

கல் படம் மாமா கண்டுபிடித்தது. வந்தபோது இருந்த மண் கரைந்து போக, அம்மா தோட்டத்துச் செம்மண்ணைப் போட்டு அமுக்கி வைத்திருந்தாள். தண்ணீர் இறங்காமல் தேங்கி, அடிவேர் அழுகல் வாடை அடித்தது. ரிக் ஓட்டும்போது பூமிக்குள்ளிருந்து கல்லை உடைத்து மேலே தள்ளும் இல்லையா, அந்தப் பொடியை ஒரு சாக்கு கொண்டுவந்தார். கல்மாவைச் சலித்துத் தள்ளிவிட்டு உளுந்து அளவு கல்லை மட்டும் கழுவினோம். அழுகின வேரைச் சவரக் கத்தியால் அறுத்து, அந்தக் கல்லில் நட்டோம். முந்நூறு அடி ஆழத்துக் கல் எங்கள் மரத்துக்குத் தட்டுமண் ஆயிற்று. ஆடிக் காற்றில் புது இலை விட்டது. மரம் பிழைத்துக்கொண்டது.

ஆனால் பட்டை? வழவழவென்று அப்படியே நின்றது. உற்றுப் பார்த்தால் கம்பி கீறின கோடுகள் தெரிந்தன. நான் மட்டும்தான் உற்றுப் பார்த்தேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஐப்பசியில் கிழவர் வருகிறார் என்று தகவல் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். மாமா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எடுத்துட்டுப் போனாப் போவட்டும்" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

நான் பவுடர் டப்பாவை எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் வரைபடம் ஒட்டவும், சுவரில் போஸ்டர் ஒட்டவும் எங்கள் ஊரில் எது உண்டோ அதைக் காய்ச்சினேன், மரவள்ளி மாவுப் பசை. சனிக்கிழமை பகல் முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு துண்டாக மரத்தில் ஒட்டினேன். எது எங்கே இருந்தது என்று யாருக்குத் தெரியும்? பொருந்துகிற இடத்தில் பொருத்தினேன். முடித்துப் பார்த்தபோது, சத்தியமாகச் சொல்கிறேன், அசல் போலவே இருந்தது எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை ஜீப்பிலிருந்து இறங்கியவர் குள்ளமாக, வெள்ளைத் தொப்பியோடு இருந்தார். அம்மா, "வாங்க சாமி, உக்காருங்க" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். மாமாவுக்கு முப்பது வார்த்தை ஜப்பான் மொழி தெரியும். அதை வைத்து வரவேற்றார். கிழவர் உட்காரவில்லை. மரம் எங்கே என்று பார்த்தார். மாமா கொல்லைக்குக் கூட்டிப் போனார்.

மரத்தில் எறும்பு. அடியிலிருந்து நுனிவரை சாரை சாரையாக ஏறிக்கொண்டிருந்தது. பசை இனிப்பாக இருந்திருக்கும் போல. கிழவர் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஒரு துண்டை நகத்தால் தொட்டார், கையோடு வந்தது. மோந்து பார்த்தார். நாக்கில் வைத்தும் பார்த்தார். துண்டுகளை ஒட்டியிருந்தது மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. கிழவர் பார்த்தார். என் முகத்தை அல்ல, என் விரல்களை. நகக்கண்ணில் பசை காய்ந்திருந்தது.

"நாந்தானுங்க" என்றேன். "பீர்க்கங்கூடு இல்லீங்க, கம்பி பிரஷ்ஷு. பட்டறையில இருந்து நாந்தேன் எடுத்துட்டு வந்து சொரண்டுனேன். மாமனுக்கு ஒண்ணுந் தெரியாதுங்க. மரத்த எடுத்துட்டுப் போயறாதீங்க."

அவருக்குத் தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அம்மா வந்து என்னை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "அவளச் சொல்லிக் குத்தமில்லீங்க. தேக்கச் சொன்னதே நாந்தேன்" என்றாள்.

கிழவர் கைகளால் தண்ணீர் கேட்டார். மழைத் தண்ணீரை ஒரு அகலப் பேசினில் கொண்டுவந்தேன். தன் பையிலிருந்து மெல்லிய பிரஷ் ஒன்றை எடுத்தார். மரத்தைச் சாய்த்துப் பேசினுக்கு மேல் பிடிக்கும்படி மாமாவிடம் சைகை செய்தார். மாமா பிடித்தார். தண்ணீர் வழிந்து சட்டைக்கை நனைந்தது. கிழவர் வேலையை நிறுத்திவிட்டு மணிக்கட்டுப் பொத்தானை ஒரு விரலால் தட்டினார். மாமா அசையவில்லை. கொல்லை வாசலில் அக்கம்பக்கத்து ஆட்கள் பத்துப் பேர் ஜப்பான்காரரைப் பார்க்க நின்றிருந்தார்கள். கிழவர் மறுபடியும் தட்டினார், காத்திருந்தார்.

மாமா மரத்தை மடியில் இறக்கி வைத்தார். இரண்டு பொத்தானையும் கழற்றினார். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் மடித்து விட்டார். நான் பிறந்ததிலிருந்து கொல்லைக் கல் தவிர வேறெங்கும் பார்த்திராத அந்தக் கைகள் வெளிச்சத்தில் வந்தன. அவர் மரத்தைப் பிடித்துக்கொள்ள, கிழவர் ஒட்டின துண்டுகளை ஒவ்வொன்றாக நனைத்து எடுத்தார், எறும்புக்கு வலிக்குமோ என்கிற அளவுக்கு மெதுவாக. எல்லாம் போனதும் தட்டைத் திருப்பினார். பிரஷ் எட்டாத முதுகில் நாலு விரல் அகலத்துக்குப் பழைய பட்டை அப்படியே இருந்தது. அந்தப் பக்கத்தை முன்னால் வரும்படி வைத்துவிட்டு, சாப்பாட்டு இலைக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். இரண்டு முறை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

மரத்தை அவர் எடுத்துப் போகவில்லை. ஜீப்பில் ஏறும் முன் என் பக்கம் திரும்பி, மரத்தின் மொட்டைப் பக்கத்தைக் காட்டி, பத்து விரலையும் விரித்தார். மூடி மறுபடியும் விரித்தார். மாமா அப்போது உள்ளே அவருக்கு மாங்காய் வற்றல் கட்டிக்கொண்டிருந்தார்.

"இருவது நாள்ல பட்டை வந்துருமாம்" என்றாள் அம்மா.

காலண்டரில் இருபது நாளும் புள்ளி வைத்தேன். இருபத்தொன்றாம் நாள் மாமாவிடம் போய் நின்றேன். அவர் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. "நாள் இல்ல அம்மிணி, வருசம்!"

இன்னொன்றும் அப்போது கவனித்தேன். கிழவர் வந்துபோன பிறகு வந்த சனிக்கிழமை கொல்லைக் கல்லில் அரப்புக் கிண்ணம் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் இல்லை. அம்மாவும் மாமாவும் இதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. மாமா அரைக்கைச் சட்டை நாலு தைக்கக் கொடுத்தார். பெண் பார்க்க அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை. அம்மா வற்புறுத்தவும் இல்லை.

மரத்துக்குக் குளிர் போதாமல் இலை உதிராமல் திண்டாடியதால், வருஷா வருஷம் கார்த்திகையில் அதை மடியில் வைத்து ஏற்காடு பஸ்ஸில் கொண்டுபோய்த் தெரிந்த எஸ்டேட்டில் விட்டு, மாசியில் கூட்டி வருவோம். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணை அனுப்புகிற மாதிரி அம்மா பஸ் நிலையம் வரை வருவாள். இந்த மரம் நம் பக்கத்தில் பிழைக்கவே முடியாது என்று விவரம் தெரிந்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். இருக்கலாம். மாமா வேலையை விட்டபிறகு ஏற்காட்டிலேயே ஒரு அறை எடுத்து மரத்தோடு தங்கிவிட்டார். எழுபத்தைந்து தாண்டியும் கல் சலிக்கிறார்.

இருபதாம் வருஷம் வருவதற்குள் நான் நாமக்கல்லில் வாழ்க்கைப்பட்டு, இரண்டு பிள்ளைகள் பெற்றுவிட்டேன். மாசியில் மரம் மலையிலிருந்து இறங்கி வந்திருக்கிறது என்று சங்ககிரிக்குப் போனேன். அம்மாவுக்குக் கண் மங்கிப் போயிருந்தது. கையைப் பிடித்துக் கொல்லைக்கு அழைத்துப் போய், மரத்தின்மேல் வைத்தேன். நான் சுரண்டின பக்கம்தான். மெல்லிய வெடிப்புகள், அங்கங்கே அரும்பு போலப் புடைப்பு. அம்மா விரலால் தடவிக்கொண்டே போனாள். போகப் போகத் தடவல் மெதுவாயிற்று.

"திரும்ப வந்துருச்சே" என்றாள்.

"ஆமாம்மா. யாரும் தேக்காம உட்டதுல வந்துருச்சு."

அரைக்கைச் சட்டையோடு மாமா பக்கத்தில் நின்று தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அம்மா மரத்தை விட்டுவிட்டுத் துழாவினாள். கிடைத்தது அவர் முழங்கை. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"உனக்கு நெம்ப வலிச்சிருக்குமே சாமி" என்றாள். "ஒரு நாளாவது வேண்டாமுன்னு சொல்லியிருக்கப்படாதா?"

மாமா சொம்பைக் கீழே வைத்தார்.

"நீ தேக்கறப்பத்தானக்கா யாராச்சும் என்னத் தொட்டாங்க" என்றார்.